மோட்டார் போட்டா மாடில நெட் போகுது, கேபிள் எப்படி இழுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே, வேலூர் சத்துவாச்சாரில வீடு, கீழ ஃபைபர் மோடம், மாடி ரூமுக்கு சிக்னல் வரலன்னு கேட்6 (நெட்வொர்க்) கேபிள் இழுத்து ரெண்டாவது ரவுட்டரா டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 மாட்டிருக்கேன். போன மாசம் வரைக்கும் வேற வழியில்லாம ரிப்பீட்டர் வச்சிருந்தேன், அது பேருக்குத்தான்.

இப்ப பிரச்சனை: போர் மோட்டார் ஸ்விட்ச்ச தட்டினதும் மாடி ரவுட்டர்ல கேபிள் லைட் அணைஞ்சி அணைஞ்சி எரியுது, நெட் கட். மோட்டார் நின்னா தானா சரியாயிடுது. மத்த நேரத்துலயும் 200 எம்பிபிஎஸ் பிளான்ல மாடில 90 தாண்ட மாட்டேங்குது, கீழ முழுசா வருது.

மாடி ரவுட்டர் ஆக்சஸ் பாயின்ட் மோடுல (கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா மட்டும் குடுக்குற மோடு) தான் இருக்கு, ஐபி 192.168.1.2, டிஹெச்சிபி, அதாவது எல்லா டிவைஸுக்கும் ஐபி அட்ரஸ் குடுக்குற வேலைய, கீழ மோடம் மட்டும் தான் பாக்குது. அதே ரவுட்டர கீழ கொண்டாந்து சின்ன கேபிள்ல போட்டா மோட்டார் ஓடினாலும் அசையல, ஸ்பீடும் முழுசு. ரெண்டு முனையும் வெட்டிட்டு புது பின் வச்சு கிரிம்ப் பண்ணியாச்சு, கேபிளுக்குள்ள இருக்கற எட்டு ஒயரையும் செக் பண்ற டெஸ்டர்ல 7ஆவது ஒயரோட லைட் மட்டும் எரியவே இல்ல. எலக்ட்ரீசியன் அண்ணன் மோட்டார் ஒயர் போற பைப்புலயே இதையும் சேத்து இழுத்துட்டாரு, உள்ள எங்கயோ நசுங்கிருக்கும்னு நினைக்கிறேன். சுவத்துக்குள்ள வேற பைப் கிடையாது. வெளிய இழுத்தா நம்ம ஊரு வெயில்ல சாதா கேபிள் தோலே உரிஞ்சிடும்.

அதே பைப்புல ஃபைபர் இழுத்து ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்டர் (ஃபைபர சாதா நெட்வொர்க் கேபிளுக்கு மாத்துற பெட்டி) போடலாமா, இல்ல வெளிசுவர் வழியா அவுட்டோர் கேட்6 தான் போகணுமா?