புதுப்பிப்பு: ஊட்டிக்கு ஒரு நாள் பேக்கேஜா, தனித்தனி டிக்கெட்டா?

மதுரையிலிருந்து வரும் சித்தி குடும்பத்துக்கு ரயில், பூங்கா, படகு எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் எடுப்பதா, தனித்தனியாக வாங்குவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகத்தான் போனோம்.

"முதலில் ரயிலை உறுதி செய்யுங்கள், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பேக்கேஜில் இருந்த ரயில் பயணம் குன்னூர்–ஊட்டி மட்டும். தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களை இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பாதை இருப்பதோ கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்! அதை விட்டுவிட்டு மலை ரயிலில் ஏறி என்ன பயன்? அதனால் மேட்டுப்பாளையம் காலை 7.10 வண்டிக்கு, 60 நாளுக்கு முன் பதிவு திறந்ததுமே எடுத்துவிட்டேன். நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, முதல் பெட்டியின் முகப்பில் ஒருவர் கொடியோடு நின்றுகொண்டே வருகிறார். பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாவரவியல் பூங்கா டிக்கெட்டை வாசலிலேயே வாங்கினோம். படகுக்கு நேரமில்லை, பேக்கேஜ் எடுத்திருந்தால் அந்தப் பணம் போயிருக்கும்.

எதிர்பாராதது இரண்டு. குன்னூரில் வண்டி கொஞ்ச தூரம் பின்னோக்கிப் போய்விட்டுத்தான் ஊட்டிக்கு ஏறுகிறது. அடுத்து, சாலை வழியாக வந்த காருக்கு இ-பாஸ் தேவைப்பட்டது. இலவசம்தான், கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், நீலகிரியில் தடை.