இண்டினாவிர் தன் பழைய இடத்திலேயே உட்கார மறுக்கிறது: டாக்கிங் உதவி தேவை

மருந்தியல் மாணவி:
முதுகலைத் திட்டப்பணிக்கு எச்ஐவி-1 புரோட்டீஸை (வைரஸின் புரதம் வெட்டும் நொதி) எடுத்திருக்கிறேன். புதிய மூலக்கூறுகளைத் தொடுவதற்கு முன், படிகத்திலுள்ள மருந்தைப் பிரித்தெடுத்து, கணினியில் நொதிக்குள் மீண்டும் பொருத்திக் (டாக்கிங்) காட்டச் சொன்னார் வழிகாட்டி. கட்டமைப்பு 1எச்எஸ்ஜி (புரதத் தரவு வங்கியில் அதன் குறியீடு), துல்லியம் 2.0 ஆங்ஸ்ட்ராம், உள்ளே எச்ஐவி மருந்தான இண்டினாவிர். ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருளில் ஓட்டினால் மருந்து நொதியின் பிளவுக்குள் போகாமல் ஓரமாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு சங்கிலிகளும் ஒரே வரிசைதானே என்று ஏ சங்கிலியை மட்டும் வைத்தேன். நீர் மூலக்கூறுகள் அனைத்தையும் நீக்கினேன். மூன்று நாட்களாக, மென்பொருள் இடம் தேடும் பெட்டியின் அளவை மாற்றி மாற்றிச் சோர்ந்துவிட்டேன். தயவுசெய்து உதவுங்கள்.

படிகவியல் ஆசிரியர்:
பெட்டியை விடுங்கள், சகோதரி. பி சங்கிலியை நீக்கியபோதே பாதிப் பிளவு போய்விட்டது. தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் சேர்ந்தால்தான் இது நொதி. புரதத்தை வெட்டும் ஆஸ்பார்ட்டேட் 25 (வரிசையில் 25-ஆவது அமினோ அமிலம்) சங்கிலிக்கு ஒன்றாக வந்து அருகருகே நிற்கிறது. மருந்தின் ஹைட்ராக்சில் அந்த இரண்டுக்கும் எதிரில்தான் அமர்கிறது. நொதி எப்படி வேலை செய்கிறது என்று படித்த பிறகே கோப்பில் கைவைக்க வேண்டும். இதை நான் வகுப்பில் சொல்லாத ஆண்டில்லை.

நீரிலும் ஒன்றைத் திரும்ப வையுங்கள்: எண் 308. மேலே மூடும் இரண்டு மடல்களின் ஐசோலூசின் 50 இந்த நீரைப் பிடித்திருக்கிறது. நீர் மருந்தின் இரண்டு கார்போனைல்களைப் பிடித்திருக்கிறது. பைமோல் என்ற மூலக்கூறு காட்டும் மென்பொருளில் அருகே போய்ப் பாருங்கள், நீரின் நான்கு பிணைப்புக் கைகளும் தெரியும்.

கணினி வேதியியல்:
இன்னொன்று. இந்தத் துல்லியத்தில் எக்ஸ்கதிருக்கு ஹைட்ரஜன் தெரியாது. இரண்டு ஆஸ்பார்ட்டேட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் புரோட்டானை (அந்த ஹைட்ரஜனை) நீங்களே சேர்க்க வேண்டும்.

மருந்தியல் மாணவி:
மூன்றையும் செய்தேன். மருந்து உள்ளே போய்விட்டது, மென்பொருள் தரும் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது! ஆனால் ஆர்எம்எஸ்டி (படிகத்தில் மருந்து இருந்த நிலையிலிருந்து அணுக்களின் சராசரி விலகல்) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரவேண்டியது 9-ஐத் தாண்டுகிறது. அழுகையே வருகிறது.

கணினி வேதியியல்:
அழ வேண்டாம், அம்மா. மருந்தின் ஒரு முனையான பிரிடின் வளையம் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு சங்கிலிகளும் ஒன்றே என்பதால் பிளவுக்கு இருமடிச் சமச்சீர் உண்டு. மருந்து முன்பின்னாகத் திரும்பி அமர்ந்தாலும் நொதிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்எம்எஸ்டி கணக்குக்கு அது தெரியாது. ஏ சங்கிலி பி மீது விழும்படி புரதத்தையும் மருந்தையும் சேர்த்து 180 பாகை சுழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

மருந்தியல் மாணவி:
ஆம் ஐயா, மருந்தின் மறுமுனையான இண்டனால் இருக்க வேண்டிய முனையில் பிரிடின் இருந்தது. சுழற்றியதும் வளையத்தின் மேல் வளையம் விழுந்தது: 1.3. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய மூலக்கூறுகளுக்கும் 308-ஐ அப்படியே வைக்கலாமா?

படிகவியல் ஆசிரியர்:
பெரும்பாலானவற்றுக்கு வைக்கலாம். வளைய யூரியா வகை இருந்தால் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். டூபாண்ட் மெர்க் குழுவினர் 1994-இல் வெளியிட்ட அந்த மூலக்கூறுகள், நீரை வெளியேற்றி அதன் இடத்தைத் தாங்களே பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை.