2 ஜிபி ராம் கொண்ட பழைய மடிக்கணினிக்கு எந்த டெஸ்க்டாப்?

படிப்பகம்_சுங்கைசிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் அருகே தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்திற்கு முன்னாள் மாணவர் ஒருவர் தம்முடைய பழைய மடிக்கணினியைக் கொடுத்திருக்கிறார். இன்டெலின் இரண்டாம் தலைமுறை ஐ3 செயலி, 2 ஜிபி ராம், நிமிடத்திற்கு 5400 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதே அதன் நிலைமை. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வசதியும் இதில் இல்லை. ஆகவே லினக்ஸ் என்று முடிவு செய்து, சின்னமன் என்னும் டெஸ்க்டாப்போடு (சாளரங்களையும் பட்டியல்களையும் திரையில் காட்டும் மென்பொருள்) வரும் லினக்ஸ் மின்ட் பதிப்பைப் போட்டோம். உலாவியைத் திறந்தவுடன் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. சுட்டி நின்று நின்று நகர்கிறது.

பிள்ளைகள் மலேசியக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா வழியாக கூகுள் கிளாஸ்ரூமில் பாடவேலை செய்கிறார்கள், தமிழில் கட்டுரை தட்டச்சு செய்கிறார்கள், யூடியூபில் கணித விளக்கம் பார்க்கிறார்கள். இதற்கான டெஸ்க்டாப்பாக எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி, ஐஸ்டபிள்யூஎம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும். பணம் அதிகமில்லை, கணினி தெரிந்தவரும் எப்போதும் பக்கத்தில் இருப்பதில்லை.

ஆறாங்கட்டை:

ஆசிரியை அவர்களே, சின்னமன் தன் திரைத்தோற்றத்தைக் கிராஃபிக்ஸ் சில்லின் துணையோடு வரைவது; அதன் பலகையும் (பணிப்பட்டை) பட்டியல்களும் ஜாவாஸ்கிரிப்டில் ஓடுபவை. அதை 2 ஜிபியில் போட்டால் இப்படித்தான் ஆகும். கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியது போக உங்களுக்கு மிஞ்சுவது 1.8 ஜிபி அளவே இருக்கும் என்பதால், டெஸ்க்டாப் எடுத்துக்கொள்ளும் ஒவ்வோர் எம்பியும் உலாவிக்குக் கிடைக்காமல் போகும் எம்பிதான்.

என் பரிந்துரை ஆன்டிஎக்ஸ் வழங்கலும் (லினக்ஸையும் தேவையான நிரல்களையும் தொகுத்துத் தரும் பதிப்பையே வழங்கல் என்கிறோம்) அதனோடு வரும் ஐஸ்டபிள்யூஎம்மும். ஐஸ்டபிள்யூஎம் 1997 முதல் இருந்து வருகிறது. அது முழு டெஸ்க்டாப் சூழல் அன்று. சாளரங்களை நிர்வகிக்கும் ஒரு நிரலும், கீழே ஒரு பணிப்பட்டையும், ஒரு பட்டியலும் மட்டுமே. பின்னணியில் தானாக ஓடும் உதவி நிரல்கள் மிகக் குறைவு. ஆன்டிஎக்ஸ் 512 எம்பி ராம் உள்ள கணினிகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்படுவது. தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் என் வீட்டிலுள்ள பழைய கணினி இதில்தான் ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் குறை சொன்னதில்லை.

கடைத்தெரு:

ஆறாங்கட்டை ஐயா மன்னிக்க வேண்டும், நான் மறுக்கிறேன். பழைய மடிக்கணினிகளைப் பிரித்துச் சரிசெய்வதே என் பிழைப்பு. வெறும் திரையில் எத்தனை எம்பி பிடிக்கிறது என்று படம் பிடித்துப் போடும் பழக்கம் இணையத்தில் எல்லாரையும் திசைதிருப்பிவிட்டது. யாரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

எக்ஸ்எஃப்சிஇக்கும் எல்எக்ஸ்க்யூட்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் 100 எம்பியைச் சுற்றித்தான் இருக்கும். ஐஸ்டபிள்யூஎம்மோடு ஒப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். கூகுள் கிளாஸ்ரூம் திறந்த ஒரே தாவல் அவ்வளவையும் விழுங்கிவிடும். அதோடு, எக்ஸ்எஃப்சிஇ கனமானது என்று நாம் திட்டுவதில் பெரும்பகுதி எக்ஸ்எஃப்சிஇயின் குற்றமே அன்று. புளூடூத் நிரல், அச்சுப்பொறி அறிவிப்பு, புதுப்பிப்பு நினைவூட்டல் ஆகியவற்றை வழங்கலைத் தயாரிப்பவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். அமைப்புகளில் உள்ள தொடக்க நிரல் பட்டியலில் அவற்றின் குறியை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

உண்மையான தடை டிஸ்க். 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். தேடிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு முறை கூடப் படிக்க முடியாது. ராம் நிரம்பி, அதில் இடமில்லாததை டிஸ்க்கில் வைக்கும் ஸ்வாப்புக்குப் போனதும் ஆசிரியை சொல்லும் அந்த அணையாத விளக்கு இதனால்தான். சுழலும் தட்டே இல்லாத மிகச் சாதாரணமான சாட்டா எஸ்எஸ்டியும் இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும். ஆகவே ஒரு சிறிய எஸ்எஸ்டி, இன்னொரு ராம் துண்டு, டெபியன் வழங்கல், எக்ஸ்எஃப்சிஇ என்பதே என் விடை.

ஈப்போ_மாணவி:

கடைத்தெரு அண்ணன் சொல்வதில் டிஸ்க் பற்றிய பகுதியை ஏற்கிறேன். எக்ஸ்எஃப்சிஇ பற்றிய பகுதியை ஏற்க முடியவில்லை. 1996-இல் தொடங்கிய அந்தத் திட்டம் எளிமைக்குப் பெயர் பெற்றது உண்மையே. ஆனால் 2019-இல் வந்த 4.14 பதிப்பில் அது சாளரங்களை வரைய உதவும் ஜிடிகே3 நூலகத்துக்கு முழுவதுமாக மாறியபின் பழைய சுறுசுறுப்பு இல்லை என்பது என் அனுபவம். எல்எக்ஸ்டிஇ என்னும் பழைய டெஸ்க்டாப்பின் க்யூட்டி (ஜிடிகே போன்ற இன்னொரு நூலகம்) கிளையும் ரேசர்-க்யூட்டி என்னும் டெஸ்க்டாப்பும் 2013-இல் இணைந்து உருவான எல்எக்ஸ்க்யூட்டி, பார்ப்பதற்கு விண்டோஸ் போலவே இருக்கிறது. சாளர நிர்வாகத்தை ஓப்பன்பாக்ஸ் போன்ற சிறிய நிரலிடம் விட்டுவிடுகிறது. நிழல், ஒளிபுகு தன்மை போன்ற அலங்காரங்களை நாமாகக் கேட்டால் ஒழிய இயக்குவதில்லை. பிள்ளைகளுக்குப் பழக எளிது. எல்எக்ஸ்க்யூட்டியோடு வரும் லுபுண்டு வழங்கலைப் போட்டால் எல்லாம் தயாராகவே வந்துவிடும்.

கடைத்தெரு:

தங்கையே, ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுவிட்டது. ஃபயர்பாக்ஸ் லினக்ஸில் ஜிடிகே3-ஐப் பயன்படுத்துகிறது. எக்ஸ்எஃப்சிஇயில் அந்த நூலகம் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருக்கும்; உலாவி அதையே பகிர்ந்துகொள்ளும். எல்எக்ஸ்க்யூட்டியில் டெஸ்க்டாப்புக்காக க்யூட்டியும் உலாவிக்காக ஜிடிகேயும் ஆக இரண்டும் ஏற வேண்டும். நீங்கள் வெறும் திரையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை ஃபயர்பாக்ஸ் திறந்த நொடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

லுபுண்டுவில் இன்னொரு சங்கடம், ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக வருவது. அது சுருக்கி அடைத்த கோப்பமைப்பிலிருந்து விரிந்து திறக்க வேண்டியிருப்பதால், சுழலும் டிஸ்க்கில் முதல் முறை திறக்கும்போது பொறுமையைச் சோதித்துவிடும். டெபியனிலும் மின்டிலும் அது வழக்கமான டெப் பொதியாகவே கிடைக்கிறது. இங்கே டெஸ்க்டாப்பின் பெயரைவிட வழங்கலின் பெயர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

ஈப்போ_மாணவி:

ஸ்னாப் பற்றிய கருத்து சரியே. அப்படியென்றால் டெபியனிலேயே எல்எக்ஸ்க்யூட்டியைப் போட்டுக்கொள்ளலாம், நிறுவும்போதே அந்தத் தெரிவு இருக்கிறது. ஆனால் நூலகப் பகிர்வால் மிஞ்சுவது சில பத்து எம்பிகள்தான். 100 எம்பி வேறுபாட்டை அற்பம் என்று ஒதுக்கிய நீங்கள், இந்தச் சில பத்தை மட்டும் தராசில் ஏற்றுவது எந்த நியாயம் அண்ணே?

வழிப்போக்கன்:

எல்லாரும் பழைய வகைச் செயலிகளுக்கான 32-பிட் பதிப்பை மறந்துவிட்டீர்கள். அதில் நினைவகச் செலவு குறையும்.

ஆறாங்கட்டை:

வழிப்போக்கரே, செலவு குறைவது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஃபயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. இந்த ஐ3 64-பிட் செயலி. பிள்ளைகள் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையும் கணினியில் புதுப்பிப்பு நின்றுபோன உலாவியை வைக்கக் கூடாது. அந்த வழி வேண்டாம்.

கடைத்தெரு தம்பிக்கு இரண்டு வார்த்தை. ஆசிரியை பணமில்லை என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் ராம் வாங்கு, எஸ்எஸ்டி வாங்கு என்கிறீர்கள். கேட்ட கேள்வி, கையிலிருக்கும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே. மற்றொன்று, எக்ஸ்எஃப்சிஇயில் பலகையின்மேல் வலச்சொடுக்கினால் ‘நீக்கு’ என்று ஒரு வரி வரும். பத்து வயதுப் பிள்ளை அதை அழுத்திப் பட்டியல் பொத்தானைக் காணாமல் செய்துவிட்டால், மறுநாள் மாலை வரை அந்தக் கணினியை யாரும் தொட முடியாது. ஐஸ்டபிள்யூஎம்மின் பணிப்பட்டையைச் சுட்டியால் இழுத்துக் கலைக்க வழியே இல்லை. அமைப்புகள் எல்லாம் உரைக்கோப்பில் இருக்கின்றன. வசதிக் குறைவு என்று நீங்கள் நினைப்பது பொதுக் கணினியில் பாதுகாப்பாகிவிடுகிறது.

படிப்பகம்_சுங்கைசிப்புட்:

ஐயா சொன்னது நடந்தே இருக்கிறது. சின்னமனில் பணிப்பட்டை ஒரு நாள் திரையின் மேல்புறம் ஏறிக்கொண்டது, எப்படி என்று எந்தப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். தமிழ்த் தட்டச்சு எல்லாச் சூழலிலும் ஒரேமாதிரி வேலை செய்யுமா? யூடியூப் திக்கித் திக்கி ஓடுவதற்கும் டெஸ்க்டாப்பிற்கும் தொடர்புண்டா?

ஈப்போ_மாணவி:

அக்கா, யூடியூபிற்கும் டெஸ்க்டாப்பிற்கும் தொடர்பு மிகக் குறைவு. யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவத்தில் காணொலியை அனுப்புகிறது. 2011-இல் வந்த இந்தத் தலைமுறை ஐ3-இன் கிராஃபிக்ஸுக்கு அவற்றை விரிக்கும் சுற்றே இல்லை. ஆகவே முழுச்சுமையும் செயலியின் தலையில் விழுகிறது. அந்தக் கிராஃபிக்ஸ் தானே விரிக்கக்கூடிய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் எச்264ஐஃபை என்னும் நீட்சியை உலாவியில் சேர்த்து, தரத்தை 480பி அளவில் வைத்துவிடுங்கள். கரும்பலகையில் எழுதும் கணித விளக்கத்திற்கு அது தாராளம்.

தட்டச்சைப் பொறுத்தவரை பல மொழிகளில் எழுத உதவும் ஐபஸ் நிரலும் அதற்கான எம்17என் பொதியும் போதும். தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டும் ஒலிபெயர்ப்பு இரண்டும் அதில் உண்டு. அஞ்சல் முறையில் பழகிய பிள்ளைகள் ஒலிபெயர்ப்பைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கடைத்தெரு:

அதில்தான் ஐஸ்டபிள்யூஎம் இடறுகிறது. எக்ஸ்எஃப்சிஇயில் மொழி மாற்றும் சின்னம் மேலே தெரியும், ஐபஸ் தானாகத் தொடங்கும். ஐஸ்டபிள்யூஎம்மில் தொடக்கக் கோப்பில் அதற்கான வரியை நாமே எழுத வேண்டும். ஒருவேளை அது தொடங்காமல் போனால் கட்டுரை எழுத உட்கார்ந்த பிள்ளை என்ன செய்யும்?

ஆறாங்கட்டை:

ஒரு வரி எழுதுவதை ஒரு மலையாக்க வேண்டாம். ஒருமுறை எழுதினால் போதும். ஐஸ்டபிள்யூஎம்மின் பட்டையிலும் சின்னம் வந்து உட்காரும். வேண்டுமானால் அந்த வரியை நானே வந்து எழுதிக் கொடுக்கிறேன். சுங்கை சிப்புட் எனக்குத் தூரமில்லை.

கடைத்தெரு:

நீங்கள் வந்து எழுதிக் கொடுப்பீர்கள் ஐயா, அதில் ஐயமில்லை. அடுத்த ஆண்டு அதே கோப்பைத் திருத்த வேண்டி வந்தால் யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. பலகையைப் பிள்ளைகள் கலைப்பதற்கும் வழி உண்டு: எக்ஸ்எஃப்சிஇயின் அமைப்புக் கோப்பில் பலகைப் பகுதியை நிர்வாகி பூட்டிவிடலாம். அதுவும் உரைக்கோப்பில் செய்யும் வேலைதான் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது; ஆனால் அதில் பிழை நேர்ந்தாலும் தட்டச்சு நிற்காது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செலவே இல்லாமல் செய்ய வேண்டியது இசட்ராம். ராமின் ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்தும், லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள வசதி அது. உலாவியின் பக்கங்கள் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் சுருங்கும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவது வெகுவாகக் குறையும். இங்கே ஒரு தவறான அறிவுரை எல்லா இடத்திலும் உலவுகிறது: ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் மதிப்பை 10-ஆகக் குறை என்பார்கள். டிஸ்க் ஸ்வாப்புக்கு அது பொருந்தலாம். இசட்ராம் இருக்கும்போது வழக்கமான 60-ஐ 100-க்கு மேலே ஏற்ற வேண்டும், குறைக்கக் கூடாது.

ராம் வாங்க முடிந்தால் பழைய டிடிஆர்3 துண்டு போதும். கீழ்மூடியைத் திறந்து இரண்டாம் துளை காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1.35 வோல்ட் என்று அச்சிட்ட டிடிஆர்3எல் துண்டுகள் 1.5 வோல்ட்டிலும் ஓடுவதால் பொதுவாக இதில் பொருந்தும்.

படிப்பகம்_சுங்கைசிப்புட்:

படித்துப் பார்த்து எங்கள் குழுவோடு பேசினேன். டெபியன் 13-ஐ நிறுவி எக்ஸ்எஃப்சிஇயையும் ஐஸ்டபிள்யூஎம்மையும் சேர்த்தே போடுகிறோம். நுழைவுத் திரையில் எது வேண்டும் என்று தெரிந்தெடுக்கலாம் என்பதை இப்போதுதான் அறிந்தேன். இசட்ராமை முதலிலேயே அமைத்துவிடுவோம். ராம் துண்டு கிடைக்கும் வரை பிள்ளைகளின் கணக்கு ஐஸ்டபிள்யூஎம்மில் இருக்கட்டும். கிடைத்தபின் எக்ஸ்எஃப்சிஇக்கு மாற்றிப் பார்ப்போம். எல்எக்ஸ்க்யூட்டியை இப்போதைக்கு விடுகிறோம், மாணவி வருந்தக் கூடாது.

ஈப்போ_மாணவி:

வருத்தமில்லை அக்கா, உடன்பாடும் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: ஒப்பிடும்போது நினைவக நிலையைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் ‘யூஸ்ட்’ நெடுவரிசையைப் பார்க்காமல் ‘அவைலபிள்’ நெடுவரிசையைப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்து படித்ததை லினக்ஸ் ராமின் காலியிடத்தில் சேமித்து வைத்திருக்கும். தேவைப்பட்டால் அதை உடனே விட்டுக்கொடுக்கும்.

ஆறாங்கட்டை:

அந்த ஒப்பீட்டை கிளாஸ்ரூம் ஒரு தாவலிலும் தமிழ்க் கட்டுரை லிப்ரே ஆபிஸிலும் திறந்திருக்கும்போது செய்யுங்கள், எண்களை இங்கே போடுங்கள். கடைத்தெரு தம்பி சொல்வதுபோல வேறுபாடு அற்பம்தானா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம். வரும் சனிக்கிழமை பிற்பகல் நான் ஓய்வாக இருக்கிறேன். ஐபஸ் வரியை எழுத வரட்டுமா?

படிப்பகம்_சுங்கைசிப்புட்:

நான்கு மணிக்கு மேல் வாருங்கள் ஐயா. அதற்கு முன்பு தேவார வகுப்பு நடக்கும், மேசை காலியாக இருக்காது.