பிரஷர் உள்ளவர்களுக்கு எலும்பு எளிதில் முறியுமா?

கேள்வி (களுவாஞ்சிகுடி)
என் தாயாருக்கு வயது 68. நெடுங்காலமாக உயர் இரத்த அழுத்தத்துக்குக் கிளினிக்கில் குளிசை எடுத்து வருகிறார். அண்மையில் முற்றத்தில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பிரஷர் எலும்பைப் பலவீனப்படுத்தும் என்று ஓர் உறவினரும், குளிசைதான் காரணம் என்று மற்றொருவரும் கூறுவதால், அம்மா குளிசையை நிறுத்த எண்ணுகிறார். எது உண்மை?

பதில் (ஓய்வுபெற்ற மருந்தாளர், அக்கரைப்பற்று)
சகோதரி, குளிசையை நிறுத்த விடாதீர்கள். முறிந்த கை பொருந்திவிடும், பாரிசவாதம் வந்தால் மீள்வது கடினம்.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரில் கல்சியம் சற்று அதிகமாக வெளியேறுகிறது. 1999 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, அழுத்தம் கூடிய முதிய பெண்களிடம் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் எலும்புத் தேய்வும் விரைவாக இருந்ததைக் கண்டது. எனினும், முறிவு அபாயத்தைக் கணிக்கப் பயன்படும் ஃப்ராக்ஸ் கருவி இரத்த அழுத்தத்தைக் கேட்பதே இல்லை. ஆகவே அதை மட்டும் குற்றஞ்சாட்டுவது மிகை.

குளிசைகளும் எல்லாம் ஒன்றல்ல. சிறுநீரைக் கூட்டும் தயசைட் வகைக் குளிசைகள் (ஹைட்ரோகுளோரோதயசைட் போன்றவை) சிறுநீரகத்தில் கல்சியத்தைத் தக்கவைக்கின்றன. சிறுநீரைக் கூட்டும் மற்றொரு மருந்தான ஃபுரோசமைட் அதை வெளியேற்றுகிறது. ஆனால் தயசைட் வகை, முதியவர்களில் சிலருக்குச் சோடியத்தைக் குறைத்துத் தடுமாற்றத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், எலும்புக்காக அதைக் கேட்டு வாங்குவதும் சரியன்று. கிளினிக் கொப்பியில் எந்தப் பெயர் உள்ளதென்று பாருங்கள்.

பதில் (தாதி, கல்முனை)
மருந்தாளர் ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எலும்பை விட விழுகையே என்னைக் கவலைப்படுத்துகிறது. அம்மா சறுக்கினாரா, தலைசுற்றி விழுந்தாரா? படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள் ஒருமுறையும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், மருந்தின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றக்கூடும். மேலும், நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்திருப்பதால், பிரஷர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிக் கேட்பது அவசியம்.

பதில் (காத்தான்குடி)
உப்பையும் மறந்துவிடாதீர்கள். அது அழுத்தத்தைக் கூட்டுவதோடு, சிறுநீரில் கல்சியம் வெளியேறுவதையும் கூட்டுகிறது. நம் பகுதியில் கருவாடில்லாத வீடு அரிது! கல்சியத்துக்கு எருமைத் தயிரும் முள்ளோடு உண்ணும் நெத்தலியும் குரக்கனும் இருக்கின்றனவே.

கேள்வி கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. விசாரித்ததில், அதிகாலையில் படுக்கையிலிருந்து எழுந்து உடனே முற்றத்துக்குச் சென்றபோது கண் இருட்டியதாக அம்மா இப்போதுதான் சொல்கிறார். கொப்பியில் லோசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் உள்ளன. நிற்க வைத்து அளப்பதையும் சோடியப் பரிசோதனையையும் அடுத்த கிளினிக்கில் கேட்கிறேன்.

பதில் (தாதி, கல்முனை)
கண் இருட்டியது என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.