பிப்ரவரியில் குல்மார்க்: போய்வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பிப்ரவரியில் நானும் தங்கையும் ஐந்து நாள் பனிச்சறுக்குக்காகக் குல்மார்க் போகிறோம். ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர்தான். ஆனால் பனி கொட்டினால், வழியில் வரும் தங்மார்க் ஊருக்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறுமாம். அதை ஸ்ரீநகரிலேயே பேசிக்கொள்ளலாமா, தங்மார்க்கில் மாற வேண்டுமா?

தங்கை பனியையே பார்த்ததில்லை. அவளுக்குக் கீழே உள்ள சின்னச் சரிவு போதும். எனக்குக் கோண்டோலாவில் (கம்பிவட ஊர்தி) முதல் கட்டமான கொங்தூரி வரை போக ஆசை. அதற்கும் மேலே அஃபர்வத், 3,900 மீட்டருக்கு மேல். சத்தியமாக வேண்டாம்.

முக்கியமான கவலை பூட்ஸ்தான். போன வருடம் ஔலியில் வாடகைக்கு எடுத்தது ஒரு அளவு பெரிது. இறங்கும்போதெல்லாம் கால் முன்னால் போய் இடித்து, இரண்டாம் நாளே கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. போட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ள விடுகிற கடை குல்மார்க்கில் உண்டா? அப்புறம், பயிற்சியாளருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?