காணிக்கை கவர்ல "சும்மா"ன்னு எழுதியிருந்துச்சு... நான் எதுக்கு சர்ச்சுக்குப் போறேன்?

ஏத்தன்பழம் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க வாசிக்க மட்டும்தான் வருவேன், இன்னைக்குத்தான் எழுதுறேன், நீண்டு போனா மன்னிச்சிடுங்க. எனக்க ஊரு களியக்காவிளைக்குப் பக்கம், ரோட்டத் தாண்டுனா பாறசாலை, வேலை திருவனந்தபுரத்துல. பரம்பரை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). இந்த வருசம் சபைக் கமிட்டில பிடிச்சுப் போட்டுட்டாங்க.

அறுப்பின் பண்டிகை முடிஞ்சு காணிக்கை எண்ண நாலு பேரு உக்காந்தோம். ஏத்தக்குலை, தேங்கா, ரெண்டு சாவல் எல்லாம் ஏலத்துல போயாச்சு, கவர் மட்டும் பாக்கி. ஒருத்தர் பிரிக்க, ரெண்டு பேரு எண்ண, நான் நோட்டுல எழுத. கவருக்குப் பின்னால காரணம் எழுதியிருப்பாங்க இல்லியா, மகனுக்கு துபாய் விசா, ஸ்கேன்ல கட்டி இல்லேன்னு வந்ததுக்கு, பிஎஸ்சி ரேங்க் லிஸ்ட்டு, ரப்பர் வெலை ஏறணும் (இது மட்டும் மூணு கவர்). அதுக்கிடையில ஒண்ணு. பத்து ரூவா நோட்டு, நடுவுல கிழிஞ்சத சோத்துப் பருக்கை வச்சு ஒட்டியிருக்கு, பேரு இல்ல, பின்னால பென்சில்ல "சும்மா"ன்னு மட்டும்.

எண்ணுனவரு சிரிச்சிட்டாரு. எனக்கு சிரிப்பு வரல்ல. நான் 2019ல கத்தார் விசாவுக்குப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணி, வந்ததும் அஞ்சாயிரம் போட்டு, மைக்ல சாட்சியும் சொன்னவன். கொரோனால வேலை போச்சு, ஊருக்கு வந்து ஒன்னரை வருசம் சர்ச் பக்கமே தலை காட்டல்ல. இங்க வேலை கிடைச்ச அடுத்த ஞாயிறு முதல் ஆளா போய் உக்காந்தேன். அப்ப நான் யாரு பின்னால போனேன், இயேசு பின்னாலயா விசா பின்னாலயா? மீதி காரணத்தையும் ஒளிக்காம சொல்லணும்னா, அம்மா வருத்தப்படுவா, தங்கச்சி கல்யாணத்துக்கு சபை லெட்டர் வேணும், நாளைக்கு செத்தா கல்லறைத்தோட்டத்துல இடம் வேணும். இத எல்லாம் கழிச்சா மிச்சம் என்ன இருக்குன்னு பாக்கவே பயமா இருக்கு. யோபு 1:9ல சாத்தான் கேக்கான் பாருங்க, யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கான்னு. அந்த விருதாவுக்கு நம்ம ஊரு வார்த்தைதான் அந்தக் கவர்ல இருந்துச்சு. உங்க நோக்கம் சரியான்னு நீங்க எல்லாம் எப்படிப் பாக்குறீங்க?

பழைய சேகரம்:

தம்பி, நான் மார்த்தாண்டம், ரிட்டயர்டு வாத்தியார். நீங்க கவர்ல பாத்தத நம்ம ஊருக்கு முதல்ல வந்த புராட்டஸ்டண்ட் மிஷனரியே பாத்தாச்சு. ரிங்கல்தௌபே 1806ல திருவிதாங்கூருக்கு வந்தவரு, மயிலாடில 1809ல ஆலயம் கட்டுனவரு, ஞானஸ்நானம் கேட்டு வந்த கூட்டத்தப் பாத்து சந்தோசப்படல்ல, நெறைய பேரு தலைவரிக்கும் ஊழிய வேலைக்கும் தப்பிக்கத்தான் வாராங்கன்னு சந்தேகப்பட்டாரு. சந்தேகம் நியாயம்தான். கூலி இல்லாம அரசாங்கத்துக்கு சுமடு சுமந்த சனம் அது. கிறிஸ்தவனுக்கு ஞாயித்துக்கிழமை அந்த வேலைல விலக்கு கிடைச்சுது, ஏழுல ஒருநாள் முதுகு நிமிர்த்தலாம்னா யாரு வரமாட்டா? அப்புறம் தோள்சீலை, கீழ்சாதின்னு ஒதுக்குன பொண்ணுங்க மாரை மறைக்க உரிமை கேட்ட போராட்டம். 1859ல ராஜ விளம்பரம் வந்தப்பவும் மேல்சாதிப் பொண்ணுங்க உடுக்குற மாதிரி உடுக்கக் கூடாதுன்னு ஒரு கொக்கி போட்டுத்தான் குடுத்தாங்க. மாரை மறைக்க நினைச்சு ஒரு பொம்பள சர்ச்சுக்கு வந்தா அது தப்பான நோக்கம்னு நான் சொல்லமாட்டேன். எனக்க பாட்டிக்க பாட்டி அப்படி வந்தவளாத்தான் இருப்பா.

ஆனா நம்ம முதுகுல இப்ப சுமடு இல்ல. நமக்கு என்ன சாக்குன்னு கேட்டா எனக்கும் பதில் இல்ல.

நைட்டூட்டி:

நான் ஆர்சி (ரோமன் கத்தோலிக்க), நர்ஸ், நெய்யாற்றின்கரை. அண்ணா, இவ்வளவு போட்டு உருட்டாதீங்க. கேக்குறது தப்புன்னா அன்றாட அப்பத்தக் கேளுங்கன்னு ஜெபத்துல சொல்லிக் குடுத்தது யாரு? யோவான் 6ல அப்பம் தின்னு வயிறு நிறைஞ்சதுக்குத்தான் என்னையத் தேடுறீங்கன்னு அவரு திட்டுறாரு சரி, ஆனா திட்டுனது மறுநாள், முந்தின நாள் சாப்பாடு போட்டுட்டுத்தான் திட்டுறாரு, பசியோட இருந்தவன நிறுத்தி வச்சு உனக்க நோக்கம் என்னன்னு கேக்கல்ல. ஐசியூ வாசல்ல ஜெபமாலை உருட்டுறவங்கள தினம் பாக்கேன், அதுல பாதிப் பேரு டிஸ்சார்ஜ் ஆனா கோயில் பக்கம் வரமாட்டாங்க, எனக்கு அவங்க மேல கோவமே வராது.

கொசுறு: விசாவுக்கு நேரெதிர் வேணும்னா தேவசகாயம் பிள்ளையப் பாருங்க. மார்த்தாண்ட வர்மா காலத்துல அரண்மனை உத்தியோகம், 1745ல ஞானஸ்நானம், 1752ல ஆரல்வாய்மொழி காட்டாடிமலைல சுட்டுக் கொன்னாங்க. அந்த மனுசனுக்கு கிடைச்சது என்ன, எருமை மேல பின்பக்கமா உக்கார வச்சு ஊர்வலம். நான் அந்த அளவுக்கு ஆளு இல்ல, எனக்கு தெரியும்.

சர்டிபிகேட்:

வாத்தியார் சாருக்கு ஒரு வார்த்தை. ஆதாயத்துக்கு வாராங்கன்னு யாராவது சொன்னா எனக்கு இப்ப சிரிப்பு வருது சார். 1950ல ஜனாதிபதி போட்ட எஸ்சி பட்டியல் உத்தரவுப்படி, கிறிஸ்தவனா மாறுன தலித் எஸ்சி கிடையாது, அந்தச் சலுகையும் கிடையாது. சீக்கியருக்கு 1956லயும் பௌத்தருக்கு 1990லயும் திறந்த கதவு எங்களுக்கு இன்னும் திறக்கல்ல. எனக்க அப்பா தெரிஞ்சேதான் ஞானஸ்நானம் எடுத்தாரு, பேரையும் மாத்துனாரு, சித்தப்பா பழைய பேரிலயே இருந்து வேலைக்குப் போனாரு, ராத்திரி வந்து எங்க வீட்டு ஜெபத்துல உக்காருவாரு. யாருக்க நோக்கம் சுத்தம்னு எனக்கு இன்னைக்கும் தெரியல்ல.

அப்பாவுக்க நோக்கத்துலயும் கலப்படம் உண்டு. பாதி கோவம். டீக்கடைல தனி கிளாஸ் குடுத்த ஊரு மேல உள்ள கோவம். போன இடத்துலயும் (சபை பேரு வேண்டாம்) கல்லறைல எங்களுக்கு ஓரமாத்தான் இடம். கோவத்துக்குன்னு மட்டும் போயிருந்தா அன்னைக்கே விட்டுட்டு வந்திருக்கணும். வரல்ல. ஏன்னு ஒருவாட்டி கேட்டேன், வெட்டுன ரப்பர்ப் பால ஷீட் அடிச்சிட்டு இருந்தாரு, மெஷின நிறுத்தாமலே "வேற எங்க போக"ன்னாரு. யோவான் 6:68ல இயேசுகிட்ட பேதுரு அதையேதான் சொல்லியிருக்காருன்னு ரொம்பப் பிறகுதான் வாசிச்சேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது.

ஏத்தன்பழம் அண்ணே, வந்த காரணத்தத் தோண்டாதீங்க, அது யாருக்கும் நல்லா இருக்காது. அந்த ஒன்னரை வருசத்தத் தோண்டுங்க. அப்ப ஒருநாளாவது சர்ச் இல்லாம வெறுமையா இருந்துச்சா?

ஏத்தன்பழம்:

சர்டிபிகேட், இந்தக் கேள்விக்கு ரெண்டு நாளா பதில் எழுதி எழுதி அழிச்சேன். முதல்ல வெறுமை எல்லாம் இல்ல, நிம்மதியா தூங்குனேன், அதுதான் உண்மை. ஆனா ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, அந்த சமயத்துல ஒருநாள் மழைல பைக் நின்னு போச்சு, குழித்துறைப் பாலத்துல தள்ளிட்டு வாரேன், வாயில தானா ஒரு ஞாயிறு பள்ளிக்கூடப் பாட்டு, நல்லா சத்தமா, பாலம் முடியுற வரைக்கும். ஒண்ணும் கேக்கல்ல. பைக்கும் ஸ்டார்ட் ஆகல்ல. அதக் கணக்குல சேக்கலாமான்னு தெரியல்ல.

நைட்டூட்டி:

சேருங்க அண்ணா.

குலசேகரம்காரன்:

எல்லாம் சரி, கமிட்டில இருக்கவன் காணிக்கைக் கவர்ல உள்ளத வெளிய வந்து சொல்லலாமா?

ஏத்தன்பழம்:

பேரு இல்லாத கவர்தானே அண்ணாச்சி. ரப்பர் வெலை மூணு பேரும் யாருன்னு சொல்லல்ல பாருங்க.

குலசேகரம்காரன்:

அதுல ஒண்ணு எனக்க மாமாவாத்தான் இருக்கும்.