ஓவர்டிரைவ் மிதிச்சா பேஸ்ல அடி காணோம்: கெபாசிட்டர் மாத்தணுமா, கேபிள் போற வழியை மாத்தினா போதுமா?

ஏற்காடு\_4ஸ்ட்ரிங்:
வணக்கம்ங்க. 4 ஸ்ட்ரிங் ஆக்டிவ் பேஸ், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. டியூப் ஸ்க்ரீமர் சர்க்யூட்டைப் பார்த்துச் செஞ்ச பச்சை ஓவர்டிரைவ் பெடல். ஆம்ப் கிடையாது, பெடல்ல இருந்து நேரா 8 சேனல் மிக்சருக்குப் போகுது. பெடலை மிதிச்சதும் ஈ ஸ்ட்ரிங் ஓப்பன் நோட் கனம் போய் மெலிஞ்சிடுது. ட்ரம்ஸ் சேர்ந்தா பேஸ் இருக்கறதே தெரியலை. இன்புட் கெபாசிட்டரைப் பெருசாக்குனா சரியாகும்னு சொல்றாங்க. ஒய் கேபிள் போட்டு சிக்னலைப் பிரிச்சு, பெடலுக்கு அப்புறம் இன்னொரு ஒய் கேபிள்ல சேர்த்தும் பார்த்தாச்சு. வீல்னு கத்துது. கையில ஒரு பாசிவ் டிஐ பாக்ஸ் (பேஸ் சிக்னலை மைக் சிக்னல் மாதிரி மாத்தி மிக்சருக்கு அனுப்பற, பேட்டரி வேண்டாத பொட்டி) சும்மா கிடக்கு. ஆடித் திருவிழா மேடைக்குள்ள சரி பண்ணணும். எதுல ஆரம்பிக்கறது?

சூரமங்கலம்\_சால்டர்:
இன்புட் கெபாசிட்டரைத் தொடாதீங்க, குற்றவாளி அது இல்லை. அந்த சர்க்யூட்ல இன்புட்ல 0.02 மைக்ரோஃபாரட், அதுக்கு எதிர்ல 510 கே ரெசிஸ்டர். கணக்குப் போட்டா வெட்டு (இதுக்குக் கீழே போனாதான் சத்தம் குறையும்கிற புள்ளி) 16 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வரும். உங்க ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், அதுக்கு நல்லா மேலே இருக்கு.

அடி (கீழ்ச் சத்தம்) குறையற இடம் கிளிப்பிங் கட்டம், அதாவது சிக்னலைத் தூக்கி டையோடுல முட்ட வெச்சு கரகரப்பாக்கற இடம். ஆப் ஆம்போட (சிக்னலைப் பெருக்கற ஐசி) இன்வெர்டிங் கால்ல இருந்து 4.7 கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வரிசையா கிரவுண்டுக்குப் போகும். இந்த ஜோடியோட வெட்டு 720 ஹெர்ட்ஸ். அதுக்கு மேலே இருக்கற சத்தத்துக்கு, டிரைவை முழுசாத் திருப்புனா கெயின் 118 மடங்கு வரை. 41 ஹெர்ட்ஸ்ல அதே டிரைவுக்கு 7 மடங்குதான். அதாவது அடியை யாரும் வெட்டி எறியலை, மேல இருக்கறதைத் தூக்கும்போது அதைத் தூக்காம விட்டுட்டாங்க. லீட் கிட்டாருக்கு இது வேணும்னே செஞ்ச அமைப்பு.

ஒய் கேபிள் கத்துனதுக்குக் காரணம் இது. முன்னாடி ஒரு ஒய், பின்னாடி ஒரு ஒய் போட்டதும் பெடலோட அவுட்புட்டும் இன்புட்டும் ஒரே ஒயர்ல சேர்ந்துடுச்சு. வெளியே வந்த சிக்னல் திரும்ப உள்ளே போய் பெருகிட்டே இருக்கும். ஒய் கேபிள்ல பிரிக்கலாம், சேர்க்கக் கூடாது. சேர்க்கற வேலைக்கு மிக்சர் வேணும். அது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

அம்மாப்பேட்டை\_பெடல்:
நான் கெபாசிட்டர் மாத்தறது பக்கம்தான். 0.047ஐ எடுத்துட்டு 0.1 போட்டா வெட்டு 339 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 0.22 போட்டா 154க்கு. பத்து ரூபா சமாச்சாரம், கூட ஒரு பொட்டியும் தூக்க வேண்டாம்.

செய்யறது எப்படின்னா: அடாப்டர், பேட்டரி ரெண்டையும் எடுத்துடுங்க. பின் மூடியைக் கழட்டி, எதிரெதிரா சேர்ந்திருக்கற ரெண்டு சின்ன கண்ணாடி டையோடைத் தேடுங்க. அது போய்ச் சேர்ற ஐசி கால்ல இருந்து 4.7 கே (மஞ்சள், ஊதா, சிவப்பு) கிளம்பும். அதோட வரிசையில 473னு அச்சடிச்ச கெபாசிட்டர். மறுமுனை கிரவுண்டுன்னு மல்டிமீட்டர்ல பீப் வெச்சு உறுதி பண்ணுங்க. 25 வாட் அயர்ன், ஒரு காலுக்கு 3 செகண்டுக்கு மேல வைக்காதீங்க, பிரிண்ட் உரிஞ்சு வந்துடும். புதுசுல 104 இல்லைன்னா 224னு இருக்கும், பாலியஸ்டர் வாங்குங்க.

போர்டுல பொடிப் பொடியா ஒட்டுன சர்ஃபேஸ் மவுண்ட் பார்ட்ஸா இருந்தா பழசைப் பிடுங்கவே வேண்டாம். அதே ரெண்டு முனையில ஒரு 0.1ஐ மேலே சேர்த்துப் பத்துங்க. பாரலல்ல மதிப்பு கூடும், 0.147 ஆகி வெட்டு 230 ஹெர்ட்ஸுக்கு வரும். பிடிக்கலைன்னா அதை மட்டும் எடுத்துட்டாப் பழைய பெடல். காலுக்கு ஸ்லீவ் போட மறக்காதீங்க, மூடி பட்டா ஷார்ட்.

சூரமங்கலம்\_சால்டர்:
செய்முறை சுத்தமா சொல்லியிருக்கீங்கண்ணா, அதுல குறை இல்லை. ஆனா 0.22க்கு மேலே போனா பேஸுக்கு ஒரு சிக்கல் இருக்கு. டையோடு 0.6 வோல்ட் பக்கத்துல மட்டம் தட்டும். சிக்னல்ல பெரிய அலை அடி நோட்டோடதுதான். அதையும் சேர்த்துத் தூக்குனா அதுவே முதல்ல போய் முட்டும். முட்டி நிக்கற நேரம் முழுக்க, அது மேல ஏறி வர்ற சின்ன அலைகளும் சேர்ந்து நசுங்கும். விரல் பட்ட சத்தம், நோட்டோட முனை எல்லாம் போய் 'பர்ர்ர்'னு கிழிஞ்ச கோன் மாதிரி கேக்கும். 1 மைக்ரோஃபாரட் போட்டவங்க திரும்ப 0.1க்கு வர்றது இதனாலதான்.

பேஸுக்கு வேண்டியது முட்டாத அடியும், முட்டுன மேல் சத்தமும் தனித்தனியா. அதைப் பிரிச்சுத் தர்றது ஒரு கெபாசிட்டரால ஆகாது. பாஸ் கம்பெனியோட பேஸ் ஓவர்டிரைவ் பெடல் ஓடிபி-3ல பேலன்ஸ்னு ஒரு குமிழ் இருக்கறது இதுக்குத்தான், சுத்தமான சிக்னலையும் கலக்க. அதே கம்பெனியோட எல்எஸ்-2 (சிக்னலை ரெண்டு வழியாப் பிரிச்சுச் சேர்க்கற பெடல்) இருந்தா 'ஏ பிளஸ் பி மிக்ஸ்'ல வெச்சு, ஏ லூப்ல பெடலும் பி லூப்ல ஒரு குட்டி பேட்ச் கேபிளும் போட்டாலே முடிஞ்சுது.

தம்பிக்கு அதுவும் வேண்டாம்:

1. பேஸ் → டிஐ பாக்ஸ் இன்புட்.
2. டிஐயோட எக்ஸ்எல்ஆர் → மிக்சர் 1வது சேனல். இது சுத்தமான அடி.
3. டிஐயோட லிங்க் ஜாக் (வந்த சிக்னலை அப்படியே வெளியே விடறது) → ஓவர்டிரைவ் → 2வது சேனல் லைன் இன்புட்.

பாசிவ் பேஸா இருந்தா பாசிவ் டிஐ கொஞ்சம் மழுங்கடிக்கும். உங்களது ஆக்டிவ், பயமில்லை. முதல்ல 1வது ஃபேடரை ட்ரம்ஸோட பொருந்தற அளவுக்கு வெச்சு நிறுத்துங்க. அப்புறம் 2வதைக் கீழே இருந்து மெதுவா ஏத்துங்க. ஏத்தும்போது அடி குறைஞ்சா ரெண்டும் எதிர்ப் போலாரிட்டி, ஒண்ணோட அலை ஏறும்போது இன்னொண்ணு இறங்குது. 2, 3 பின் மாத்திப் பத்துன ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள் போதும். அதுல சிவப்பு டேப் சுத்தி வைங்க, மைக் கேபிளோட கலந்துடக் கூடாது. டியூப் ஸ்க்ரீமர் வகை சிக்னலைத் தலைகீழாக்காது, அதனால பெரும்பாலும் தேவைப்படாது.

ஹம் வந்தா டிஐயில கிரவுண்ட் லிஃப்டை அழுத்துங்க. டிஐ வழியா ஒண்ணு, பெடல் வழியா ஒண்ணுன்னு மிக்சருக்கு ரெண்டு கிரவுண்ட் போறதால வர்ற சத்தம் அது. மேடையில ஜெனரேட்டர்ல ஓடும்போது யாராவது பிளக்ல எர்த் பின்னைக் கழட்டச் சொன்னா கேக்கவே கேக்காதீங்க, உயிருக்கு ஆபத்து.

ஏற்காடு\_4ஸ்ட்ரிங்:
அண்ணா, ரொம்ப நன்றி. ஓப்பன் ஈ இப்ப நெஞ்சுல இடிக்குது. லிஃப்ட் அழுத்துனதும் ஹம் போயிடுச்சு. ரெண்டு சந்தேகம் மட்டும். டி ஸ்ட்ரிங் 2வது ஃப்ரெட், ஏ ஸ்ட்ரிங் 7வது ஃப்ரெட், இந்த நோட்டு மட்டும் ஒல்லியா இருக்கு. 2வது சேனல்ல லோ கட் அழுத்தியிருக்கு, அடி ரெண்டு தடவை வர வேண்டாமேன்னு. அப்புறம் பெடலை ஆஃப் பண்ணா மொத்த சவுண்டும் எகிறுது.

ஓமலூர்\_மிக்சர்:
ரெண்டு இடமும் ஒரே நோட்டு, 82 ஹெர்ட்ஸ். உங்க மிக்சர்ல லோ கட் 80 ஹெர்ட்ஸ்ல இருக்கும், பட்டனுக்குப் பக்கத்துல பாருங்க. லோ கட் அளவைக் குறைக்கறதோட நிக்காது, வெட்டுப் புள்ளிக்குக் கிட்ட ஃபேஸையும் (அலை ஏறி இறங்கற நேரத்தையும்) திருப்பும். 18 டிபி சரிவுள்ள ஃபில்டர்னா அந்தப் புள்ளியில 135 டிகிரி. திரும்புன சிக்னல் 1வது சேனலோட சேரும்போது ஒண்ணை ஒண்ணு தின்னுடும், அந்த நோட்டு மட்டும் பள்ளத்துல விழும்.

ரெண்டு சேனல்லயும் லோ கட்டை எடுத்துடுங்க. 2வதுக்கு அது தேவையே இல்லை, உள்ளே இருக்கற அந்த 0.047 ஏற்கெனவே அடியைத் தூக்காமத்தான் அனுப்புது. நீங்க பிடுங்கப் பார்த்த பார்ட்தான் இப்ப உங்களுக்கு வேலை செய்யுது. அதுவும் சரிவு மெதுவா இருக்கறதால ஃபேஸை இவ்வளவு புரட்டாது.

சவுண்ட் எகிறறதுக்குக் காரணம்: பெடல் ஆஃப்ல இருந்தாலும் 2வது சேனல்ல சுத்தமான சிக்னல் போய்க்கிட்டுத்தான் இருக்கு. ஒரே சிக்னல் ஒரே அளவுல ரெண்டு தடவை சேர்ந்தா 6 டிபி கூடும். ஓவர்டிரைவ் வேண்டாத பாட்டுக்கு பெடலை மிதிக்காதீங்க, 2வது சேனலை மியூட் பண்ணுங்க. பெடல் எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்.

ஏற்காடு\_4ஸ்ட்ரிங்:
லோ கட் எடுத்தாச்சு. 82 ஹெர்ட்ஸ் நோட்டு மத்ததோட சமமா நிக்குது. டிரைவ் பாதி, 2வது ஃபேடர் 1வதை விடக் கொஞ்சம் கீழே. பெடலோட மூடியைத் திறக்கவே இல்லை.